தண்ணீர் இல்லாத காணி

பகல் பன்னிரண்டு மணி இருபது நிமிடத்துக்கு அந்த நில அளவையாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலையிலிருந்து சிங்களத்தைத் தவிர வேறொரு சொல்லும் பேசாதிருந்த அந்த மனிதர், என் மாமாவின் பக்கம் திரும்பித் தெளிந்த தமிழில் கேட்டார்.

"நானா, லுஹர் ஆகிட்டு. வுளு செய்யத் தண்ணி எங்க ஈக்கி?"

எல்லாம் பிசகத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். நேரம் எனக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், மாமாவும் உடனே தன் கடிகாரத்தைப் பார்த்து, பன்னிரண்டு இருபதுதானே ஆகிறது என்று சொன்னதுதான். பகல் தொழுகையின் நேரம் இன்னும் கொஞ்சம் பொறுத்து வந்திருக்கலாமே என்று முறையிடுவது போலிருந்தது அவர் குரல்.

எனக்கு அப்போது பத்து வயது. இப்போது என் கடைசி மகனுக்கு அந்த வயது. அவனால்தான் இதை எழுதுகிறேன். போன மாரியில் எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் வடியாமல் நின்றபோது, வடிகான் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்க்க இரண்டு உத்தியோகத்தர்கள் வந்தார்கள். எங்கள் மதிலைக் காட்டி, இது எல்லைக்குள்தான் நிற்கிறதா என்று கேட்டார்கள். மதில் ஒரு முழம் வடிகானுக்கு மேல் நிற்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மகன் வாயைத் திறந்தான். நான் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினேன். பொத்திய வேகத்தில் உதடு பல்லில் பட்டு இரத்தம் கசிந்தது. வந்தவர்கள் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் அழவில்லை. ஏன் என்று கேட்பது போல என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். அந்தக் கை எனக்கு இன்னும் சரியாகவில்லை. தேநீர் ஊற்றும்போதும் அதையே பார்க்கிறேன். உன் வாப்பாவிடம் சொல்லாதே என்று அவனிடம் சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம்.

என் வாயை அன்றைக்கு யாரும் பொத்தவில்லை. ஏன் பொத்தவில்லை என்பதைத்தான் இந்த நாட்களில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீடு கல்முனைப் பக்கம், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில். காணி இருந்ததோ சம்மாந்துறையையும் தாண்டி மேற்கே, வயல்வெளி முடிந்து தரை மேடேறத் தொடங்கும் இடத்தில். சின்னக் குளம் ஒன்று. குளத்துக்கு மேலே சரிவு. சரிவில் ஐந்து ஏக்கர் காடு. புயலுக்கும் தப்பி நின்ற காடு அது. எங்கள் ஊர்களில் வீடும் காணியும் பெண் வழியாகத்தான் இறங்கும். மகளுக்கு வீடு கட்டி, காணி எழுதி வைத்துவிட்டுத்தான் மாப்பிள்ளை பேசுவார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். அந்த ஐந்து ஏக்கரும் உம்மாவுக்கு அப்படி வந்தது. உம்மாவிடமிருந்து ராத்தாவுக்குப் போகவிருந்தது. ராத்தா என்றால் என் மூத்த சகோதரி. அவருக்குச் சம்மாந்துறையில் மாப்பிள்ளை பேசி முடித்து, காணியும் வாக்குக் கொடுத்தாயிற்று. ராத்தா பகல் முழுவதும் ஜன்னலோரம் இருந்து தலையணை உறைகளில் சிவப்புப் பூத் தைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. உம்மாவின் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது. சிங்களத்தில் இருந்ததால் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு வாசிப்பித்தார்கள். குளத்துக்குத் தண்ணீர் இறங்கி வரும் காட்டைக் காப்பாற்றுவதற்காக, அந்தச் சரிவில் தனியாருக்கு உள்ள காணிகளை அரசாங்கம் விலைக்கு வாங்கப் போகிறது. ஊற்றோ ஓடையோ உள்ள காணி என்றால் முழுவதையும் வாங்கும். வறண்ட காணி என்றால் விட்டுவிடும். அளப்பதற்கு ஆள் வரும் நாளில் சொந்தக்காரர் காணி உறுதிப் பத்திரத்துடன் வந்து நிற்க வேண்டும்.

எனக்கு வந்த முதல் சந்தேகம், வாங்கி என்ன செய்வார்கள் என்பது. ஆசிரியரிடமே கேட்டேன். ஒன்றும் செய்ய மாட்டார்கள், மரத்தை அப்படியே நிற்க விடுவார்கள் என்றார் அவர். கல்முனைக் கடைத்தெருவில் புடைவைக் கடை வைத்திருந்த என் வாப்பா இதைக் கேட்டு நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காக ஒரு பொருளை வாங்குகிற ஆளை இத்தனை வருசத்தில் தான் கண்டதில்லை என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. உம்மாவின் காணி உம்மாவின் குடும்பத்து விசயம். அந்த வீட்டில் வாப்பா இருபது வருசத்து விருந்தாளி.

கதைக்க வேண்டியவர் மாமா. உம்மாவின் ஒரே காக்கா அவர், அதாவது அண்ணன். கந்தோர், கச்சேரி, விதானை, பொலிஸ் என்று அரசாங்க அலுவல் வந்தால் குடும்பத்துப் பெண்களுக்கு அவர்தான் வாய். ஊர்ப் பள்ளிவாசலில் மரைக்காராகவும் இருந்தார், அதாவது நிர்வாகிகளில் ஒருவர். வெள்ளைத் தொப்பி கழற்றாத மனிதர். அரசாங்கத்திடம் போன காணியின் காசு கைக்கு வரும் நேரம் ராத்தாவுக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கும் என்பது அவர் கணக்கு. காணி தங்கினால் முதிரை, பாலை மரங்களைத் தறித்து ராத்தாவின் வீட்டுக்குக் கூரை போடலாம். மிச்ச மரத்துக்கு ஒரு முதலாளி காத்துக்கொண்டிருந்தார். காணி போனால் கொடுத்த வாக்கும் போகும். வாக்குப் போனால் கலியாணமும் போகும். மாமா இதை வீட்டு விறாந்தையில் நின்று மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொன்னபோது ராத்தாவின் ஊசி நின்றது.

காணியின் நடுவில், ஒரு பெரிய மருத மரத்தின் அடியில் ஊற்று ஒன்று இருந்தது. கல்லுக்கு நடுவிலிருந்து ஓசையில்லாமல் கசிந்து, ஒரு பாய் அகலத்துக்குக் குளிர்ந்து நின்று, பிறகு இலைச் சருகுக்குள் மறைந்து குளத்தை நோக்கிப் போகும். பங்குனி சித்திரையிலும் வற்றாது. பக்கத்துக் காணியிலும் அப்படி ஒன்று இருந்ததாம். இரண்டு வருசத்துக்கு முன் அந்தக் காணிக்காரர் மரம் முழுவதையும் விற்றார். அடுத்த வருசம் அந்த ஊற்றில் ஓணான் ஓடியது. இதை மாமா ஒரு செய்தியாகத்தான் சொன்னார். உம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

உம்மா கதைப்பது குறைவு. அந்த வாரம் இன்னும் குறைவு. சம்மாந்துறையிலிருந்து பாய் விற்க வருகிற ஒரு பெண்ணுடன் மட்டும் கோடிப்புறத்தில் நின்று நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் கதைத்தும் ஒரு பாய்கூட வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். பாய் நல்லாயில்லை என்றார். அந்தப் பெண் பாய்ச் சுருளையே அவிழ்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஆனால் அதற்கு மேல் கேட்க விடாமல் என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டார்.

மாமா இரண்டு நாள் முன்னதாகவே காணிக்குப் போய் ஏற்பாடுகளை முடித்திருந்தார். ஊற்றின் மேல் கம்புகளைக் குறுக்கே போட்டு, தென்னோலைக் கிடுகு பரப்பி, அதன் மேல் ஒரு வண்டி வைக்கோலைக் குவித்து, உச்சியில் உடைந்த கலப்பை ஒன்றையும் வைத்துவிட்டு வந்தார். காவலுக்கு இருக்கும் சின்னக் குடிலை நாங்கள் வாடி என்போம்; அந்த வாடியில் இருந்த குடங்களைக் கவிழ்த்து வைத்தார். வருகிறவருக்குத் தாகம் எடுத்தால் கொடுக்கச் செவ்விளநீர் இரண்டு குலை. தேநீர் வேண்டுமென்றால் போத்தலில் ஊற்றி ஊரிலிருந்தே கொண்டு போவது. ஊற்று என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக்கூடாது. மாமா எல்லாவற்றையும் யோசித்திருந்தார்.

போகிற நாள் காலையில் உழவு மெசினுக்குப் பின்னால் கொழுவிய பெட்டியில் பாய் விரித்து உம்மா ஏறியபோது, என்னையும் தூக்கி ஏற்றினார். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

"இந்த வாய என்னத்துக்குக் கூட்டிட்டு வாறாய்?" என்றார்.

பள்ளிக்கூடம் லீவு, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்றார் உம்மா. ராத்தா வீட்டில் இருக்கிறார்தானே என்று நான் ஞாபகப்படுத்தினேன். உம்மா பாயைத் தட்டி என்னைப் பக்கத்தில் இருத்தினார்.

பெட்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. சம்மாந்துறைச் சந்தையையும் ஆலைகளின் உமிக் குவியல்களையும் தாண்டியபோது, உம்மா என் தலைத்துணியைச் சரிசெய்தபடி, ஓதப்பள்ளியில் இப்போது என்ன பாடம் நடக்கிறது என்று கேட்டார். உம்மா அப்படிக் கேட்பவர் அல்ல. தயம்மும் என்றேன். சொல் பார்ப்போம் என்றார். தொழுவதற்கு முன் முகம் கைகால் கழுவுவது வுளு. தண்ணீர் கிடைக்காத இடத்தில் சுத்தமான மண்ணில் கையை அடித்து முகத்தையும் கையையும் தடவிக்கொள்வது தயம்மும். தண்ணீர் இல்லாதபோதுதான் அது கூடும். தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்தால் கூடாது, தொழுகை சேராது. ஓதித் தரும் லெப்பை சொல்லித் தந்தபடியே ஒப்புவித்தேன். மெசின் இரைச்சலில் உம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும், கடைசி வரியை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சத்தமாகச் சொன்னேன். மாமா முன்னால் மெசின்காரருக்குப் பக்கத்தில் மட்காட்டில் இருந்ததால் இதொன்றும் அவருக்குக் கேட்கவில்லை.

அளவையாளர் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். வெள்ளை அரைக்கைச் சட்டை, மெலிந்த உடம்பு, கொஞ்சம் நரைத்த மீசை. உதவிக்கு இரண்டு பேர். ஜீப் வழியில் கொதித்து நின்றதால் கொண்டுவந்த கான் தண்ணீர் முழுவதையும் அதற்கே ஊற்றிவிட்டார்களாம். மாமாவுக்கு இது தேடாமல் வந்த சந்தோசம். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் இளநீரைக் காட்டி உபசரித்தார். இந்தக் காணி வெறும் வறட்டுக் காணி, மழைக்காலத்தில் மட்டும் நனையும் என்றார். அளவையாளர் தலையாட்டினார். மூன்று கால் கருவியை நிறுத்தி, சங்கிலியை இழுத்து, கோல்களை ஊன்றி, அவர் மிக மெதுவாக வேலை செய்தார். மாமா எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"இந்தத் தொர நடக்கிற நடைக்கு, சந்தாக்கில போற மையத்து முந்திரும்."

பிணம் கிடக்கும் சந்தாக்கு அவரை முந்திப் போவதை நினைத்து நான் சிரித்தேன். மெசின்காரரும் சிரித்தார். அளவையாளர் கருவிக்குள் கண்ணை வைத்தபடி இருந்தார்.

மாமா எதிர்பாராதது ஒன்று நடந்தது. வைக்கோல் குவியலுக்குள் தவளை கத்தியது. தண்ணீர் இல்லாத காணியில், காய்ந்த வைக்கோலுக்கு அடியிலிருந்து, நல்ல தெளிவான குரலில். மாமா இருமினார். அது மறுபடி கத்தியது. மாமா மறுபடி இருமினார். கொஞ்ச நேரத்தில் அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது: தவளை, பிறகு மாமா. அளவையாளர் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தார். குவியலை அல்ல, அதற்கு மேலே நின்ற மருத மரத்தின் உச்சியைப் பார்த்தார். மருத மரம் காலடியில் தண்ணீர் இல்லாத இடத்தில் அப்படித் தழைத்து நிற்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதை எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன்.

அப்போதுதான் அவர் கடிகாரத்தைப் பார்த்ததும், நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டதும். நாங்கள் காக்கா என்று சொல்லும் இடத்தில் நானா என்றார். இரிக்கி என்று சொல்லும் இடத்தில் ஈக்கி என்றார். தெற்குப் பக்கத்து முஸ்லிம். மாமாவின் முகத்தில் முதலில் வந்து போனது தண்ணீர் அல்ல, அந்த மையத்துப் பகிடி என்று நினைக்கிறேன்.

மாமா எல்லாவற்றையும் யோசித்திருந்தார் என்றேன். தாகத்தை யோசித்தார், தேநீரை யோசித்தார். பள்ளிவாசல் மரைக்காராக இருந்தும் தொழுகையை மட்டும் யோசிக்கவில்லை. வருகிறவர் வேற்று ஆள் என்று முடிவு செய்துவிட்டதால் அது நினைவிலேயே வரவில்லை.

தண்ணீர் இல்லையே தம்பி என்றார். துரை, தம்பியாகிவிட்டார். குளம்? குளத்தில் சேறுதான், எருமை படுத்திருக்கிறது. ஊருக்குப் போய்த் தொழலாமே என்று மாமா சொல்லிப் பார்த்தார். வேலை முடியப் பிற்பகல் தொழுகை அஸரும் ஆகிவிடும், லுஹரை விட முடியாது என்றார் அவர். பதற்றத்தில் மாமா இளநீர்க் குலையைக் கையில் எடுத்தேவிட்டார். இளநீரில் வுளு செய்ய முடியாது என்பது எனக்கே தெரியும். மாமா குலையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்ப தயம்மும்தான் நானா" என்றார் அளவையாளர். "நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் ஜமாஅத்தாத் தொழுவோம். நீங்க மூத்தவர், நீங்களே முன்னுக்கு நில்லுங்க."

உம்மா வாடி வாசலில் பாயில் இருந்தார். நான் அவருடைய முழங்காலோடு ஒட்டி இருந்தேன். மாமா எங்களைப் பார்க்கவில்லை. நல்ல மண் உள்ள இடமாகத் தேடிக் குந்தினார். ஒரு கல்லை எடுத்து எறிந்தார், சருகை ஒதுக்கினார், இன்னொரு சருகை ஒதுக்கினார். எவ்வளவு நேரம் ஒருவரால் மண்ணைத் துப்புரவு செய்ய முடியுமோ அவ்வளவு நேரம் செய்தார். தவளை கத்தியது. மாமா இருமவில்லை. இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் அடித்தார்.

எனக்கு வந்தது கோபமுமில்லை, மாமாவை மாட்டிவிடும் எண்ணமுமில்லை. இதை எத்தனை பேரிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன், யாரும் நம்பியதில்லை. லெப்பை ஒன்று சொன்னார், மரைக்கார் வேறொன்று செய்கிறார். அப்படியென்றால் லெப்பை சொல்லித்தராத ஒரு விதிவிலக்கு இருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும்தான்.

"மாமா" என்று கேட்டேன், "தண்ணி இரிக்கக்குள்ள தயம்மும் கூடுமா?"

காடு முழுவதும் கேட்டது போலிருந்தது. மாமாவின் கைகள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றன. விரல்களிலிருந்து மண் உதிர்ந்தது. அளவையாளர் என் பக்கம் திரும்பவேயில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாராவது சிரித்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். மெசின்காரர் சக்கரத்துக்குப் பின்னால் போய்விட்டார். நான் உம்மாவைப் பார்த்தேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன், குறைந்தது வாயை மூடு என்றாவது சொல்வார் என்று. அவருடைய கை என் முதுகில்தான் இருந்தது. நீட்டினால் வாய்க்கு எட்டும். அது அசையவில்லை.

பிறகு உம்மா பக்கத்தில் வைத்திருந்த ஓலைப்பையைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு செம்பை எடுத்து என்னிடம் நீட்டினார். பாத்திரம் ஒன்றும் கொண்டுவரக் கூடாது என்று மாமா கட்டளையிட்டிருந்தார். எங்கள் வீட்டு வுளுச் செம்பு அது.

நான் ஓடினேன். பின்னால் காலடி கேட்டது. மாமா. என்னைப் பிடிக்க வருகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன். அவர் என்னைத் தாண்டிப் போய், கலப்பையைத் தூக்கி எறிந்து, வைக்கோலை இரண்டு கையாலும் வாரி வாரித் தள்ளினார். கிடுகை இழுத்ததும் தவளை ஒன்று அவர் காலுக்கு மேலாகப் பாய்ந்தது. அடியில் தண்ணீர், இரண்டு நாள் இருட்டில் கிடந்த தண்ணீர், ஒன்றுமே நடவாதது போல நின்றது. மாமா என் கையிலிருந்த செம்பை வாங்கி, நிறைத்து, தானே கொண்டு போய் அளவையாளரின் கையில் ஊற்றினார்.

இரண்டு பேரும் பாயில் தொழுதார்கள். அளவையாளர் எவ்வளவு சொல்லியும் மாமா முன்னுக்கு நிற்கவில்லை; அவரையே முன்னுக்கு நிறுத்தினார். தொழுகை முடிந்து அவர் எழுந்த பிறகும் மாமா தனியாக இன்னும் இரண்டு ரக்கஅத் தொழுதார். அதில் கடைசி ஸஜ்தாவில் நெற்றியை வைத்தவர் எழும்ப வெகுநேரம் ஆனது.

அளவையாளர் ஒரு வார்த்தை குத்திக் கதைக்கவில்லை. ஊற்றடியில் குந்தி, கையால் அள்ளிக் குடித்தார். இந்த ஊற்றுக்கு என்ன பெயர் என்று என்னிடம் கேட்டார். பெயர் இல்லை என்றேன். தன் கடதாசியில் அந்த இடத்தில் சின்ன வட்டம் ஒன்று போட்டார். ஐந்து ஏக்கர் காடு ஒரு விரல் நக அளவு வட்டத்தைச் சுற்றிக் கிடப்பதை அப்போதுதான் பார்த்தேன். மாமாவிடம் மட்டும் ஒன்று சொன்னார்.

"மேல ஈக்கிற மரமெல்லாம் நிக்கோணும் நானா. மரம் போனா இது ரெண்டு மாரி தாங்காது."

மாமா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். மரம் போனால் தாங்காது என்பது அவருக்கும் தெரிந்ததுதான். பக்கத்துக் காணியின் ஓணான் கதையை எங்களுக்குச் சொன்னவரே அவர்தானே.

பின்னேரம் பெட்டியில் ஏறித் திரும்பினோம். சம்மாந்துறைச் சந்தையில் வழக்கமாக மாமா எனக்கு வாங்கித் தரும் மஸ்கோத்து இனிப்பு அன்றைக்கு இல்லை. வீட்டில் இறக்கிவிட்டுப் போகும்போது, "காணியத் திண்டிட்டாய் மகள்" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு இரண்டு நாள். ராத்தா தையலை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். கடைசி உறையில் ஒரு பூ பாதியில் நின்றது. அலுமாரியைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு மூடினேன். நான் கேட்ட ஒரு கேள்வியால் ராத்தாவுக்குக் கலியாணம் நடக்காமல் போகப் போகிறது என்று வீட்டுக்கு வந்தவர்கள் என் காது கேட்கவே சொன்னார்கள். வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து வீட்டிலேயே இருந்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நெல் வைக்கும் பெட்டகத்துக்கும் சுவருக்கும் நடுவில் போய் இருந்துகொண்டேன். அங்கேயிருந்தபடி இனி ஒருவரிடமும் ஒன்றும் கேட்பதில்லை என்று நிய்யத்து வைத்தேன். நிய்யத்து வைத்து முடிப்பதற்குள்ளேயே இரண்டு கேள்விகள் வந்தன. உம்மா ஏன் அழவில்லை? பாத்திரம் கொண்டுவரக் கூடாது என்று தெரிந்தும் செம்பு எப்படிப் பைக்குள் வந்தது? கேட்க வாய் வரவில்லை.

இரண்டாம் நாள் அஸருக்குப் பிறகு வாசலில் ஒரு கார் நின்றது. மாப்பிள்ளையின் உம்மா இறங்கினார். பருத்த உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. பின்னால் ஒரு பெண் வாழைக்குலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பேச்சை முறித்துவிட்டுப் போகத்தான் வருகிறார் என்று நினைத்து மாமா எழுந்து நின்றார். முறிக்க வருகிறவர் வாழைக்குலையுடன் ஏன் வருகிறார் என்று பெட்டகத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.

அவர் விறாந்தையில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் சுற்றிப் பார்த்தார். படிக்கத்தில் துப்பிவிட்டுச் சொன்னார்.

"என்ன இது, மையத்து ஊடு மாதிரி எல்லாரும் முகத்தத் தூக்கிட்டு இரிக்கிங்க? காணி அரசாங்கத்துக்குப் போகும் எண்டு மதினி அந்தப் பாய்க்காரிக்கிட்டச் சொல்லி விட்டு எட்டு நாளாகிது. நாங்களும் ஓம் எண்டு அனுப்பிட்டம், அளக்க வாறவர் தொழுற மனுசன் எண்டதையும் சேத்து. அந்தத் தண்ணிக்குக் கீழதானே எங்கட வெள்ளாமையும் நிக்கிது. இப்ப நான் வந்தது ஊட்டுக்கு எப்ப கல்லு வைக்கிற எண்டு கேக்க."

மாமா மெதுவாகத் திரும்பி உம்மாவைப் பார்த்தார். உம்மா வெற்றிலைத் தட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், அது ஏற்கெனவே துடைத்து வைத்த தட்டம்.

எனக்கு ஒன்றுதான் பட்டது: மாப்பிள்ளையின் உம்மாவான அந்த மாமி நாட்களைப் பிழையாக எண்ணிவிட்டார். நாங்கள் காணிக்குப் போனது முந்தாநாள். நான் அந்தக் கேள்வியைக் கேட்டது முந்தாநாள். எட்டு நாளைக்கு முன்னால் காணி போகும் என்று யாருக்குத் தெரிந்திருக்க முடியும்? நிய்யத்து மறந்து போனது. பெட்டகத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து உம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, "இல்ல மாமி, எட்டு நாளில்ல" என்று தொடங்கினேன்.

அந்த வீட்டில் எந்த நாளும் என் வாயைப் பொத்தாத உம்மாவின் கை, சுண்ணாம்பும் பாக்கும் மணக்க, மிக மெதுவாக வந்து என் வாயைப் பொத்தியது. பிள்ளை கணக்கில் நல்ல கெட்டி என்று மாமி சிரித்தார். நான் சொல்ல வந்தது சரிதானே, பிறகு ஏன் பொத்துகிறார் என்று, அந்தக் கைக்கு மேலாக உம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.